மலை ஏறும் வண்டியும் மசகெண்ணெயின் அழுத்தமும்

திருப்பதி நகரிலிருந்து திருமலைக்குச் செல்லும் வாகனங்கள் மலையடியிலுள்ள அலிபிரிச் சோதனைச் சாவடியைக் கடந்தே ஏறவேண்டும். 1944-ஆம் ஆண்டில் முதல் மலைப்பாதை திறக்கப்படும்வரை அடியார்கள் படிகளில் நடந்தோ, டோலியில் அமர்ந்தோதான் மலை ஏறினார்கள். 1974-ஆம் ஆண்டில் இரண்டாவது பாதையும் அமைந்தது. இப்போது புதிய பாதை ஏறுவதற்கும், 36 கொண்டையூசி வளைவுகளைக் கொண்ட பழைய பாதை இறங்குவதற்கும் பயன்படுகின்றன. ஏறும் பாதையின் நீளம் ஏறத்தாழ 18 கிலோமீட்டர். அத்தொலைவுக்குள் வண்டி சுமார் 700 மீட்டர் உயர்ந்துவிடுகிறது. மின்சாரப் பேருந்துகள் இப்பாதையில் ஓடத் தொடங்கிவிட்டன; எனினும் டீசல் வண்டிகளின் காலம் இன்னும் முடிந்துவிடவில்லை.

டில்லியிலும் நாகபுரியிலும் ஐதராபாத்திலும் குடியேறி வாழும் நம்மவர்களுள் பலர், விடுமுறையில் ஊருக்கு வரும்போது வழியில் ஏழுமலையானைத் தரிசித்துவிட்டுச் செல்வதை வழக்கமாகக் கொண்டிருக்கிறார்கள். சிலர் சொந்த வண்டியில் வருகிறார்கள். சிலர் நாலைந்து குடும்பங்களாகச் சேர்ந்து வேன் அமர்த்திக்கொள்கிறார்கள். படுக்கையும் சமையல் மேடையும் தண்ணீர்த் தொட்டியும் பொருத்தப்பட்ட கேரவன் என்னும் வீட்டுவண்டியும் அண்மைக் காலத்தில் நம் நாட்டுச் சாலைகளில் தென்படுகிறது. இவ்வண்டிகள் யாவும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சமவெளியில் சீராக ஓடிவந்தபின், பிரயாணத்தின் முடிவில் மலையைச் சந்திக்கின்றன.

அவ்வாறு வரும்போது ஓட்டுபவர் ஒரு புதுமையைக் காண்பதுண்டு. அவருக்கு எதிரே பலகையில் எஞ்சினின் எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் மானி ஒன்று இருக்கிறது. நாள் முழுவதும் அதன் முள் 4 என்னும் எண்ணைத் தொட்டுக்கொண்டு அசையாமல் நின்றது. மலை உச்சியை அடைந்து, வாகன வரிசையில் வண்டி நின்றதும், அதே முள் 1 வரை தாழ்ந்துவிடுகிறது. இது எஞ்சினின் நோயா, இயல்பா? நோய் என்று எண்ணி அஞ்சியவர் காரணமின்றிப் பணத்தைச் செலவிடுகிறார். எல்லாம் இயல்பே என்று எண்ணி அசட்டையாக இருந்தவரோ சில வேளைகளில் எஞ்சினையே இழந்துவிடுகிறார். ஆகவே இயல்பான அழுத்தம் எது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வது, வண்டி ஓட்டுபவருக்கு மட்டுமன்றி வண்டியில் அமர்ந்து செல்பவருக்கும் பயனுள்ளதாகும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். மசகு என்பது நமக்குப் பழகிய சொல். வைக்கோற்கரியை எண்ணெயில் குழைத்து மாட்டுவண்டியின் அச்சில் இடுவார்கள். அதற்கு மசகு என்று பெயர். மசகு வற்றிய சக்கரம் கிறீச்சிடும். மாடு தலையைத் தாழ்த்தி இழுக்கும். அச்சும் குடமும் தேயும். மோட்டார் எஞ்சினுக்குள் இடப்படும் எண்ணெயை மசகெண்ணெய் என்று அழைப்பது மிகப் பொருத்தமே. வேறுபாடு ஒன்றுதான். மாட்டுவண்டியின் அச்சுக்குக் காலையில் ஒருமுறை மசகு இட்டால் போதும். நிமிஷத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் முறை சுழலும் எஞ்சினுக்கோ, ஒவ்வொரு விநாடியும் எண்ணெய் வந்துகொண்டேயிருக்க வேண்டும்.

அந்த வேலையைச் செய்வது எண்ணெய் பம்பு. எஞ்சினின் அடியிலுள்ள தொட்டியிலிருந்து எண்ணெயை இழுத்து, வடிகட்டியின் வழியாகச் செலுத்தி, உட்புறத்திலுள்ள மெல்லிய வாய்க்கால்களின் மூலம் தாங்கிகளுக்கு அனுப்புகிறது. பேரிங் என்று தொழிலாளர் கூறும் இத்தாங்கிகளுக்குள்தான் கிராங்க் தண்டு சுழல்கிறது. தண்டுக்கும் தாங்கிக்கும் இடையே உள்ள இடைவெளி மிகவும் சிறிது. ஒரு தலைமயிரின் கனத்தளவே இருக்கும். அவ்விடைவெளியை எண்ணெய் நிரப்பிக்கொண்டிருக்கும்வரை உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. டீசல் எஞ்சினில் எரிபொருள், காற்றை நெருக்குவதால் உண்டாகும் சூட்டினாலேயே பற்றிக்கொள்கிறது. ஆகையால் அதன் தாங்கிகள் பொறுக்க வேண்டிய அடியும் கடுமையானது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். மலையேறும் வண்டியின் பல டன் பாரத்தை நகர்த்தும் விசையை, மானியில் காணும் 4 என்னும் சிறிய அழுத்தம் எவ்வாறு தாங்கும்? இவ்வினாவுக்கு விடை இங்கிலாந்தில் கிடைத்தது. 1883-ஆம் ஆண்டளவில் போஷாம்ப் டவர் என்னும் பொறியியலாளர் இரயில் வண்டி அச்சுகளின் தாங்கிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் மேற்புறத்தில் ஒரு துளை இட்டார். அச்சுச் சுழன்றபோது எண்ணெய் உள்ளே இறங்குவதற்கு மாறாகத் துளை வழியே மேலே பொங்கிற்று. அடைப்பானை வைத்து மூடினார்; அடைப்பானும் வெளியே தள்ளப்பட்டது. பிறகு மானியைப் பொருத்திப் பார்த்தபோது அது சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டுக்கும் மேற்பட்ட அழுத்தத்தைக் காட்டிற்று. சுழலும் தண்டு தானே எண்ணெயை இடைவெளிக்குள் ஆப்புப் போல் இழுத்துச் சென்று, தன்னைத் தாங்கும் அழுத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது என்பதை, 1886-ஆம் ஆண்டில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணித முறைப்படி விளக்கினார்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டுவது யாதெனில், பலகையிலுள்ள மானி தாங்கிக்குள் உள்ள அழுத்தத்தைக் காட்டுவதில்லை. தாங்கியின் வாசல்வரை எண்ணெய் இடைவிடாது வந்து சேருகிறதா என்பதையே அது கூறுகிறது. வாசலுக்கு எண்ணெய் வந்துவிட்டால் மீதி வேலையைச் சுழலும் தண்டு பார்த்துக்கொள்ளும். வராவிட்டால், ஒரு சில நிமிஷங்களில், சில வேளைகளில் அதற்கும் குறைந்த நேரத்தில், தாங்கி உருகித் தண்டைப் பற்றிக்கொள்ளும்.

அடுத்து, அழுத்தம் ஏன் ஏறி இறங்குகிறது என்று பார்ப்போம். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் நீர் வேகமாகப் பீய்ச்சுகிறது. விரலை எடுத்துவிட்டால் அதே நீர் சோர்ந்து விழுகிறது. நீரின் அளவு குறையவில்லை, தடை குறைந்துவிட்டது. எஞ்சினிலும் அப்படியே. பம்பு தள்ளும் எண்ணெய்க்கு எதிராக நிற்கும் தடையின் அளவே அழுத்தம். அத்தடை பெரும்பாலும் இரண்டைப் பொறுத்தது: எண்ணெயின் சூடு ஒன்று, எஞ்சினின் வேகம் மற்றொன்று.

சூட்டை வெல்லப்பாகைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். அடுப்பிலிருக்கும்போது தண்ணீராக ஓடும் பாகு, ஆறியபின் கரண்டியை விட்டு இறங்க மறுக்கிறது. எண்ணெயின் பாகுத்தன்மையும் அவ்வாறே மாறுகிறது. டீசல் வண்டிகளில் பெரிதும் வழங்கும் 15 டபிள்யூ 40 என்னும் வகை எண்ணெய், 40 டிகிரி சென்டிகிரேடில் இருப்பதைக் காட்டிலும் 100 டிகிரியில் ஏறத்தாழ ஏழு மடங்கு இளகிவிடுகிறது. இளகிய எண்ணெய் தாங்கிகளின் ஓரங்களில் எளிதாக வழிந்தோடுவதால் அழுத்தம் தாழ்கிறது. வேகத்தின் செய்தியோ இன்னும் எளிது. பம்பை ஓட்டுவது எஞ்சினே. எஞ்சின் விரைந்து சுழன்றால் பம்பு மிகுதியாகத் தள்ளும். மெல்லச் சுழன்றால் குறைவாகத் தள்ளும். அழுத்தம் அளவுக்கு மீறி ஏறாதபடி ஒரு தணிப்பு வால்வு திறந்து, மிகுதி எண்ணெயைத் தொட்டிக்கே திருப்பிவிடும். நெடுஞ்சாலையில் முள் ஒரே இடத்தில் நிற்பதற்கு இவ்வால்வே பெரிதும் காரணம்.

இனி எண்களுக்கு வருவோம். சில மானிகள் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்றும், சில பார் என்னும் அளவிலும், சில சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்றும் காட்டும். 1 பார் ஏறக்குறைய 14½ பவுண்டு. கிலோ அளவும் பாருக்கு மிக நெருங்கியதே. டீசல் எஞ்சின்களில் பொதுவாகக் காண்பது இது: குளிர்ந்த எஞ்சினை எழுப்பியதும் 4 முதல் 5 பார் வரை, சூடேறிச் சாலையில் ஓடும்போது 3 முதல் 4 பார் வரை, சூடேறியபின் நின்ற இடத்தில் மெல்ல ஓடும்போது 1 பார் அளவில். நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்றுக்குப் பத்துப் பவுண்டு இருந்தால் போதும் என்பது பணிமனைகளில் நெடுநாளாக வழங்கும் கணக்கு.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டும் காட்டலாம். கம்மின்ஸ் நிறுவனத்தின் பி வரிசை 5.9 லிட்டர் எஞ்சின், அமெரிக்காவில் பெரிய வீட்டுவண்டிகள் பலவற்றை ஓட்டியது. டாட்டாவும் கம்மின்ஸும் கூட்டாக 1993-ஆம் ஆண்டில் ஜாம்ஷெட்பூரில் தொடங்கிய நிறுவனம் இதே வரிசை எஞ்சின்களை நம் நாட்டு லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் அளித்தது. இந்த எஞ்சினுக்கு அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்ச அழுத்தம், மெல்லோட்டத்தில் 10 பவுண்டு. முழு வேகத்தில் 30 பவுண்டு. அதாவது சூடான நிலையில் 12 பவுண்டுக்கு இறங்கி நிற்கும் முள் அச்சத்துக்கு உரியதன்று. அதே 12 பவுண்டு, வண்டி விரைந்து ஓடும்போது தோன்றுமானால் அது அபாயம். ஆகவே வேகத்தையும் சூட்டையும் விட்டுவிட்டு எண்ணை மட்டும் கூறுவது பொருளற்றதாகிவிடுகிறது. ஒவ்வொரு வண்டிக்கும் உரிய எல்லை அதன் கைப்புத்தகத்தில் உண்டு. அதனையே இறுதியாகக் கொள்ளவேண்டும்.

இவ்வுண்மைகளை அலிபிரியிலிருந்து ஏறும் ஒரு வண்டிக்குப் பொருத்திப் பார்ப்போம். வீட்டுவண்டிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. லாரி பாரத்தை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும். வீட்டுவண்டியோ தன் வீட்டை எப்போதும் சுமந்துகொண்டே இருக்கிறது. எனவே ஏற்றத்தில் தாழ்ந்த கியரில், முழு உழைப்புடன், குறைந்த வேகத்தில் ஊர்கிறது. முகப்பில் மோதும் காற்று குறைவு. வெளியேற வேண்டிய சூடோ மிகுதி. எண்ணெயின் சூடு 100 டிகிரியைக் கடக்கிறது. முள் சமவெளியில் நின்ற இடத்தைவிடச் சற்றுத் தாழ்கிறது. இஃது இயல்பே. உச்சியில் வரிசையில் நிற்கும்போது சூடு மிகுதி, வேகம் குறைவு என்னும் இரண்டும் ஒருங்கே சேர்வதால், அன்றைய நாளின் மிகத் தாழ்ந்த அழுத்தம் அங்கேதான் தோன்றும். இதுவும் இயல்பே. அப்போது வண்டியை நியூட்ரலில் வைத்துக் காலால் சற்றே மிதித்து எஞ்சினின் வேகத்தைக் கூட்டிப் பார்க்கலாம். முள் உடனே எழுந்தால் பம்பு உயிருடன் இருக்கிறது என்று கொள்ளலாம். எழாவிட்டால் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும்.

வளைவுகளில் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். ஏற்றத்திலும் திருப்பத்திலும் தொட்டியிலுள்ள எண்ணெய் ஒரு புறமாக ஒதுங்குகிறது. எண்ணெய் அளவு குறைந்திருந்தால் பம்பின் உறிஞ்சுவாய் கணநேரம் காற்றை இழுக்கும். முள் திடீரென்று விழுந்து, வளைவு முடிந்ததும் மீண்டும் எழும். சமவெளியில் பல நாள் மறைந்திருந்த குறையை மலை இவ்வாறு வெளிப்படுத்திவிடுகிறது. முள் மீண்டுவிட்டதே என்று ஆறுதல் கொள்ளலாகாது. அகலமான இடத்தில் ஒதுங்கி எண்ணெயை அளந்து பார்ப்பதே முறை.

ஏறி முடித்ததும் எஞ்சினை உடனே நிறுத்துவதும் நன்றன்று. டர்போ என்னும் காற்றூட்டி சிறு எஞ்சின்களில் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலக்கூடியது. அதன் தண்டும் இதே எண்ணெயின்மீதுதான் மிதக்கிறது. எஞ்சினை அணைத்தால் பம்பும் நின்றுவிடும். இரண்டு மூன்று நிமிஷம் மெல்ல ஓடவிட்டு, டர்போவின் சூடும் வேகமும் தணிந்தபின் நிறுத்தவேண்டும். இறங்கும்போது தாழ்ந்த கியரில் எஞ்சின் விரைந்து சுழல்வதால் அழுத்தம் நன்றாகவே இருக்கும். டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவோர், எண்ணெய் அழுத்தத்தோடு, ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் எஞ்சின் அளிக்கும் துணையையும் இழந்துவிடுகிறார்கள். 36 வளைவுகள் கொண்ட இறக்கத்தில் இதனினும் கொடிய சிக்கனம் வேறில்லை.

இயல்பு எது என்பதற்கு இன்னொரு வழியும் உண்டு. நாடி பார்க்கும் வைத்தியர் எல்லாருக்கும் ஒரே நாடியை எதிர்பார்ப்பதில்லை; இம்மனிதருக்கு வழக்கமான நாடி எது என்று கேட்டறிந்தே மாறுதலைக் கண்டுபிடிக்கிறார். நம் வண்டியின் முள்ளையும் அவ்வாறே பழகிக்கொள்ள வேண்டும். காலையில் எழுப்பியதும், ஒரு மணி ஓடியபின், நின்ற இடத்தில் என்று மூன்று வேளை அளவுகளை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தால் ஒரே மாதத்தில் அவ்வண்டியின் இயல்பு தெரிந்துவிடும். அதன்பின் காரணமின்றி முள் வழக்கத்தைவிடக் கால் பங்கு தாழ்ந்தாலும் நம் கண்ணுக்குத் தப்பாது.

தாழ்ந்ததைக் கண்டால் ஆராய வேண்டியவற்றை எளியதிலிருந்து அரியதற்கு என்ற வரிசையில் ஆராயலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிஷம் பொறுத்தபின் அளவுக் குச்சியை எடுத்துத் துடைத்து, மீண்டும் இட்டுப் பார்க்கவேண்டும். சரிவில் நிற்கும் வண்டியின் குச்சி பொய் சொல்லும். அளவு குறைந்திருந்தால் அதே வகை எண்ணெயை ஊற்றி, எங்கே ஒழுகுகிறது என்று தேடவேண்டும். அளவு கூடியிருந்தால் அது மேலும் கவலைக்குரியது. டீசல் எண்ணெயில் கலந்து அதை இளக்கியிருக்கலாம். 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிக்கு இணங்கிய வண்டிகளில், புகைக்கரி வடிகட்டியைச் சுடவைத்துத் துப்புரவாக்கச் சில வேளை கூடுதல் டீசல் செலுத்தப்படுகிறது. அத்துப்புரவு முடியுமுன் எஞ்சினை அடிக்கடி நிறுத்தினாலும் இக்கலப்பு நேர்வதுண்டு. எண்ணெய் பாலூற்றிய தேநீர்போல் வெளுத்திருந்தால் குளிர்நீர் கலந்திருக்கிறது என்று பொருள்.

அளவும் நிறமும் சரியாக இருந்தால், மானியே பிழைபட்டதா என்று பார்க்கவேண்டும். உணர்கருவியைக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் கைமானி ஒன்றைத் திருகி அளப்பது மெக்கானிக்குச் சிறிது நேர வேலையே. அதைச் செய்யாமல் எஞ்சினைப் பிரிக்க ஒப்புக்கொள்ள வேண்டாம். கைமானியும் குறைவையே காட்டினால் அடைபட்ட சல்லடை, திறந்தபடி சிக்கிய தணிப்பு வால்வு, தேய்ந்த பம்பு, தேய்ந்த தாங்கி என்று ஒவ்வொன்றாக ஆராயவேண்டிவரும். மெல்லோட்டத்தில் அழுத்தம் ஆண்டுக்கு ஆண்டு தாழ்ந்துகொண்டே வருவது தாங்கிகளின் முதுமையைக் குறிக்கும். கெட்டியான எண்ணெயை ஊற்றி முள்ளை உயர்த்திவிடலாம் என்று சிலர் கூறுவர். முள் உயரும், முதுமை நீங்காது. அழுத்தம் மிகுந்திருப்பதும் நலத்தின் அடையாளமன்று. சூடேறிய பின்னும் முள் உச்சியிலேயே நின்றால், தணிப்பு வால்வு சிக்கியிருக்கலாம். அல்லது எண்ணெய் போகும் வழி அடைபட்டிருக்கலாம்.

மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வீட்டுவண்டியின் எண்ணெயும் நாளடைவில் கெடும். கிலோமீட்டர் குறைவாயினும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. நெடுநாள் நின்ற எஞ்சினை எழுப்பும்போது அழுத்தம் ஏறச் சில விநாடி ஆகலாம். அதுவரை காலை அழுத்தலாகாது.

இனி, எண்ணெய்க் குடம் போன்ற சிவப்பு விளக்கைப் பற்றிக் கூறவேண்டும். சாவியைத் திருப்பியதும் அது எரிந்து, எஞ்சின் எழுந்தபின் சில விநாடியில் அணையவேண்டும். எரியவே இல்லையெனில் விளக்கு பழுது, காவலாளி உறங்குகிறான். ஓடும்போது எரிந்தால், அழுத்தம் பெரும்பாலும் அரைப் பாருக்கும் கீழே போய்விட்டது என்று பொருள். முள் முன்கூட்டி எச்சரிக்கும். விளக்கு கடைசியில் கூவும். அப்போது செய்யவேண்டியது ஒன்றே: பாதுகாப்பாக ஓரங்கட்டி, உடனே எஞ்சினை நிறுத்துவது. இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே என்று ஓட்டிச் சென்றால், சில குப்பி எண்ணெயோடு முடிந்திருக்க வேண்டிய செலவு ஒரு புதிய எஞ்சினின் விலையாகிவிடலாம். வளைவில் எஞ்சின் இறுகி நின்றால் பின்னே வரும் வண்டிகளுக்கும் அது விபத்துக்குக் காரணமாகும்.

இங்கேதான் பிரயாணிகளாகிய நம் கடமையும் வருகிறது. வாடகை வண்டியின் ஓட்டுநர் மலைப்பாதையில் நிறுத்த வேண்டும் என்று சொன்னால், தரிசன நேரம் தவறிவிடும் என்று நாம் அவசரப்படுத்துகிறோம். உரிமையாளர் கோபிப்பார், பிரயாணிகள் குறைகூறுவார்கள் என்னும் அச்சத்தால் அவரும் விளக்கைப் பாராததுபோல் ஓட்டிவிடக்கூடும். வண்டியின் நலத்தோடு, அதிலுள்ள குழந்தைகள், முதியோர் ஆகியோரின் உயிரும் அம்முடிவில் அடங்கியிருக்கிறது. நிறுத்துங்கள், நாங்கள் காத்திருக்கிறோம் என்று நாம் சொல்லும் ஒரு சொல், அவருக்குப் பெருந்துணையாகும்.

தொகுத்துக் கூறின், எண்ணெய் அழுத்தத்துக்கு ஒரே இயல்பான எண் இல்லை. சூட்டுக்கும் வேகத்துக்கும் ஏற்ப அது மாறுவதே இயல்பு. கைப்புத்தகம் கூறும் எல்லைக்கு மேலும், நம் வண்டியின் வழக்கத்துக்கு உள்ளும் முள் நிற்குமானால் கவலையின்றி ஏறலாம். எல்லைக்குக் கீழே சென்றால், இடம் அலிபிரியாயினும் உச்சியாயினும், நிற்பதே அறிவுடைமை.